பாலைவனத்திலிருந்து வசந்தத்தில் வீடு திரும்புதல்: ஓய்வுபெற்ற தம்பதியருக்கான ஆர்.வி. பயணச் செய்முறை

குளிர்காலத்தை அரிசோனாப் பாலைவனத்தில் கழித்துவிட்டு, மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வட மாநிலங்களிலுள்ள தங்கள் வீடுகளுக்கு ஆர்.வி. எனப்படும் தங்கும் வசதியுள்ள வண்டியில் திரும்பும் ஓய்வுபெற்ற தம்பதியரை அமெரிக்காவில் ஏராளமாகக் காணலாம். இலையுதிர்காலத்தில் தெற்கே இறங்கி வருவதைவிட வசந்தத்தில் வடக்கே ஏறிச் செல்வது கடினம் என்பதை முதன்முறை புறப்படுவோர் பலரும் அறிந்திருப்பதில்லை. பின்னால் பாலைவன வெப்பம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருக்க, முன்னால் மலைப் பகுதிகளில் இரவு உறைபனி இன்னும் விலகாமல் இருக்கும். ஆகவே இந்தப் பயணத்தை நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுவதைவிட, கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஊரும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத் திட்டமிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, அரிசோனாவின் குவார்ட்ஸைட்டிலிருந்து மொன்டானாவின் டில்லன் வரை, டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் இணைத்து இழுத்துச் செல்லும் ஒரு தம்பதியரின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். வழி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்.

படி 1: உயர அட்டவணை தயாரித்தல்

ஒரு தாளில் வழியிலுள்ள ஊர்களையும் அவற்றின் உயரத்தையும் எழுதுங்கள். குவார்ட்ஸைட் சுமார் 270 மீட்டர், கிங்மன் 1,000, லாஸ் வேகஸ் 600, செயின்ட் ஜார்ஜ் 850, சீடர் சிட்டி 1,780, ஐடஹோ ஃபால்ஸ் 1,430, ஐடஹோவும் மொன்டானாவும் சந்திக்கும் மொனைடா கணவாய் 2,090, டில்லன் 1,550. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், இந்தத் தாளைப் பார்த்தாலே எங்கே சட்டையைக் கழற்ற வேண்டும், எங்கே கம்பளி தேட வேண்டும் என்பது விளங்கிவிடும். செயின்ட் ஜார்ஜுக்கும் சீடர் சிட்டிக்கும் இடையே 85 கிலோமீட்டர்தான். அதற்குள் 900 மீட்டருக்கும் மேல் ஏறுகிறோம். காலையில் மரத்தடி நிழல் தேடிய உடம்பு மாலையில் பனி விழுவதைப் பார்க்க நேரலாம். எனவே, செயின்ட் ஜார்ஜில் தங்கி, மேலே உள்ள ஊர்களின் இரவு வெப்பநிலை முன்னறிவிப்பைப் பார்த்தபின் ஏறுவது நல்லது. அங்கே இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தாலும் அது வீணான காலமாகாது.

குவார்ட்ஸைட்டைச் சுற்றியுள்ள அரசு நிலத்தின் நீண்டகாலத் தங்குமிடப் பருவம் செப்டம்பர் 15-இல் தொடங்கி ஏப்ரல் 15-இல் முடிகிறது. இந்த நாளைப் புறப்படுவதற்கான கடைசி எல்லையாகக் கொண்டு, அதற்கு முன்னதாகவே கிளம்பத் தயாராக இருங்கள்.

படி 2: மாதக்கணக்கில் நின்ற வண்டியை எழுப்புதல்

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். முதலில் பிக்கப்பின் பானட்டைத் திறந்து, டார்ச் விளக்கால் எல்லா மூலைகளையும் பாருங்கள். பாலைவனக் காட்டெலிகள் சோயா (cholla) என்னும் கள்ளிவகையின் முள் துண்டுகளையும் சுள்ளிகளையும் இழுத்துவந்து எஞ்சினின்மேல் கூடு கட்டும். ஒயர்களின் உறையையும் கடித்துவிடும். கூட்டை வெறும் கையால் எடுக்கக் கூடாது. கள்ளித் துண்டின் முட்கள் தோலுக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் என்பதோடு, எலிக் கழிவின் தூசியும் நோய் பரப்பக்கூடியது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கழிவைக் கிருமிநாசினியால் நனைத்த பிறகு, இடுக்கியால் எடுங்கள்.

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 1519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் என்று பொருள். பட்டன் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், பாலைவன வெயிலில் நின்ற டயரின் ரப்பர் உள்ளுக்குள் வறண்டு வெடித்திருக்கக்கூடும் என்பதால் வயதையே முதலில் பார்க்க வேண்டும். காற்றழுத்தத்தை விடியற்காலையில், வண்டி நகர்வதற்கு முன் அளக்க வேண்டும். வெயிலிலும் ஓட்டத்திலும் டயர் சூடாகும்போது அழுத்தம் உயர்வது இயல்பானது. நண்பகலில் அளந்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு ஓடி, டயர் மேலும் சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு. டிரெய்லர் டயர்கள் பலவற்றின் உச்ச வேகம் மணிக்கு 65 மைல்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது, கழிப்பறைக் கழிவு நிறைந்த கறுப்புத் தொட்டியை முதலிலும், குளியல் மற்றும் சமையல் கழிவுநீர் நிறைந்த சாம்பல் தொட்டியை இரண்டாவதாகவும் திறக்க வேண்டும். பின்னால் வரும் சோப்பு நீர் குழாயை ஓரளவு அலசிவிடும்.

படி 3: எடை

குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பொருள்கள் எடையைக் கூட்டியிருக்கும். குவார்ட்ஸைட்டின் கற்சந்தையில் வாங்கிய கற்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரி நிறுத்தங்களிலுள்ள எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இணைப்புக் கொக்கியின்மீது அமர வேண்டும். இதைவிடக் குறைந்தால், பக்கக் காற்றில் டிரெய்லர் ஆடத் தொடங்கும்.

படி 4: காற்றுக்கும் புழுதிக்கும் ஏற்ற நாளொழுங்கு

வசந்தப் பாலைவனத்தில் காற்றே முதல் எதிரி. பெரும்பாலும் காலையில் அமைதியாக இருந்து பிற்பகலில் வலுக்கும் என்பதால், விடிந்ததும் புறப்பட்டு மதிய உணவு நேரத்துக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்குமேல் ஓட்டத் தேவையில்லை. பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அப்படியும் நடுவழியில் புழுதிப்புயல் சூழ்ந்துகொண்டால், அரிசோனாவின் சாலைத் துறை சொல்லும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். சாலையை விட்டு இயன்ற அளவு வலப்பக்கம் விலகி நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்து, அபாய விளக்கு உட்பட எல்லா விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். விளக்கை அணைப்பது புதியவர்களுக்கு விபரீதமாகத் தோன்றும். ஆனால் புழுதியில் கண் தெரியாமல் வருபவர் உங்கள் பின்விளக்கைப் பார்த்து, சாலை அங்கேதான் போகிறது என்று நம்பி நேராக வந்து மோதுவார். விளக்கு எரியாவிட்டால் அவர் உங்களைத் தேடி வர மாட்டார். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே அமர்ந்திருங்கள்.

படி 5: இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுதல்

புறப்படும் முன் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து கொக்கி, சங்கிலி, விளக்கு, ஜன்னல், படிக்கட்டு, கேஸ் வால்வு ஆகியவற்றைப் பார்த்த பிறகு, மற்றவர் அதையே எதிர்ப்புறமாகச் சுற்றி மீண்டும் பார்க்க வேண்டும். இது ஒருவர்மீது மற்றவர் கொள்ளும் சந்தேகமன்று. பின்னோக்கி நிறுத்தும்போது கையசைவுகளை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். கண்ணாடியில் துணை தெரியாத கணமே ஓட்டுபவர் நிறுத்திவிட வேண்டும் என்பதை மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். என் கணவரும் நானும் இந்த ஒரு விதியால்தான் முகாம்களில் குரல் உயர்த்தாமல் வண்டி நிறுத்துகிறோம்.

படி 6: வழியில் நின்று பார்த்தல்

குவார்ட்ஸைட்டுக்கு வடக்கே உள்ள பார்க்கர் ஊரை ஒட்டிய மலைச்சரிவுகளில் ஒக்கோட்டிலோ செடிகள் இந்நாட்களில் நுனிதோறும் செந்நிறப் பூங்கொத்து ஏந்தி நிற்கும். அருகில் அசையாமல் நின்றால் ரீங்காரச் சிட்டுகள் வருவதைக் காணலாம். லாஸ் வேகஸுக்கு வடகிழக்கே உள்ள வேலி ஆஃப் ஃபயர் பூங்காவின் செம்மணற்பாறைகளுக்கிடையே தங்குமிடம் உண்டு. அது மாநிலப் பூங்கா என்பதால் தேசிய மூத்தோர் அனுமதி அட்டை அங்கே செல்லாது. 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளரும் பெறக்கூடிய அந்த அட்டை, கூட்டரசின் முகாம்கள் பலவற்றில் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும்.

பூங்காவைத் தாண்டினால் வர்ஜின் ஆற்றின் மலையிடுக்கு. வளைவுகளும் திடீர்க் காற்றும் உள்ள இந்தப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். யூட்டாவில் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும்.

படி 7: உறைபனிக்குள் நுழைதல்

சீடர் சிட்டிக்குமேல் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், செயின்ட் ஜார்ஜிலேயே நன்னீர்த் தொட்டியையும் ஆறிய வெந்நீர்க் கொதிகலனையும் வடித்துவிட்டு, ஆர்.வி. குழாய்களுக்கென விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் செலுத்துங்கள். கார் ரேடியேட்டருக்கான திரவம் நஞ்சு. அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன்பின் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீரே போதும். மொனைடா கணவாயைக் கடக்கும் நாளன்று சாலை நிலவரத்தைக் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டே ஐடஹோ ஃபால்ஸை விட்டுக் கிளம்புங்கள்.

வீடு சேர்ந்ததும் வண்டியின் கேஸை மூடி, குளிர்பதனப் பெட்டியைத் துடைத்து, பூஞ்சை பிடிக்காதபடி அதன் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். வீட்டுத் தண்ணீரின் முதன்மை வால்வை மெதுவாகத் திறந்து, குளிர்காலத்தில் எங்கேனும் குழாய் வெடித்திருக்கிறதா என்பதை ஒருவர் கீழ்த்தளத்திலும் மற்றவர் மேலேயும் நின்று பார்த்த பிறகே சாமான்களை இறக்கத் தொடங்குங்கள்.