வான்கோழி முட்டை பொரிப்பும் முதல் பத்து நாள் குஞ்சுப் பராமரிப்பும்

வான்கோழி முட்டையைப் பொரிக்க வைப்பது பெரிய வித்தை அன்று. வெளிவந்த குஞ்சை முதல் பத்து நாள் உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. நாட்டுக்கோழிக் குஞ்சு தானாகவே கொத்தித் தின்னப் பழகிவிடும். வான்கோழிக் குஞ்சோ, தீவனம் நிறைந்த தட்டின் மேலேயே நின்றுகொண்டு பட்டினியால் செத்துப்போகும். ஆகவே கூண்டும் விளக்கும் தீவனமும் தயாரான பிறகே முட்டையை அடை வைக்க வேண்டும்.

பெட்டை ஏறத்தாழ 30 வார வயதில் முட்டையிடத் தொடங்கும். ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் கரு நன்றாகக் கூடும். பெரும்பாலான முட்டைகள் பிற்பகலில்தான் இடப்படுகின்றன என்பதால், மாலையில் ஒருமுறை கட்டாயம் பார்த்து எடுக்க வேண்டும். இரவு முழுவதும் கிடந்து எச்சம் ஒட்டிய முட்டை பொரிக்க உதவாது. சிறு அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் கழுவக் கூடாது. கூர்முனை கீழே இருக்குமாறு குளிர்ந்த இடத்தில் வைத்து, ஏழு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டி வேண்டாம். ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையே நம் வெயிலுக்குப் பொருத்தமானது. சித்திரை வெயிலில் நான் நான்கு நாளுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை.

தாய் வான்கோழி 10 முதல் 15 முட்டை வரை அடைகாக்கும். நாட்டுக்கோழியின் அடியில் வைப்பதாக இருந்தால், வான்கோழி முட்டை பெரியது என்பதால் ஆறு ஏழுக்கு மேல் வைக்கக் கூடாது. கோழி முட்டைக்கு 21 நாள் என்றால் இதற்கு 28 நாள். அத்தனை நாளும் எழாமல் உட்கார்ந்து தாய் மெலிந்துவிடும் என்பதால், தானியத்தையும் தண்ணீரையும் அருகிலேயே வைக்க வேண்டும்.

விசிறி உள்ள இன்குபேட்டரில் (தாய் இல்லாமல் முட்டை பொரிக்கும் மின்பெட்டி) வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸாகவும், ஈரப்பதம் 25ஆம் நாள் வரை 55 முதல் 60 சதவீதமாகவும் இருக்கட்டும். கையால் திருப்புபவர்கள் ஒரு நாளில் மூன்று அல்லது ஐந்து முறை என ஒற்றைப்படையாகத் திருப்பினால், நீண்ட இரவில் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. பத்தாம் நாள் இருட்டறையில் டார்ச் ஒளியில் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். வெளிறித் தெரிபவை கூமுட்டைகள், அவற்றை எடுத்துவிட வேண்டும். 25ஆம் நாளுடன் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். அதன் பிறகு மூடியைத் திறக்கக் கூடாது. என் முதல் ஈட்டில், ஓட்டில் விரிசல் விழுந்த ஆவலில் 27ஆம் நாள் இரவு ஐந்து முறை திறந்து பார்த்தேன். ஈரம் வெளியேறி உள்சவ்வு காய்ந்து காகிதம்போல் ஒட்டிக்கொள்ள, மூக்கு மட்டும் வெளியே தெரிந்த நிலையில் நான்கு குஞ்சுகள் மடிந்தன.

பொரித்த குஞ்சு உடல் உலரும் வரை உள்ளேயே இருக்கலாம். பின்னர், ஓர் அடி உயரத் தகட்டை வட்டமாக நிறுத்தி, இரண்டு அங்குலம் உமி பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்துக் குஞ்சுகளை விட வேண்டும். செய்தித்தாள் வழுக்கும், அதில் நின்ற குஞ்சுகளுக்குக் கால் இரு பக்கமும் விரிந்துபோகும். விளக்கின் அடியில், குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், இறக்கையை விரித்து வாய் பிளந்து ஓரத்தில் ஒதுங்கினால் சூடு.

இனி உணவூட்டல். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுவிட வேண்டும். சற்றுப் பொறுத்தால் தொண்டை அசைந்து விழுங்குவது தெரியும். அப்போதுதான் அதைக் கீழே விட வேண்டும். அவித்த முட்டையைப் பொடியாக நசுக்கி, பத்துக் குஞ்சுக்கு ஒன்று என்ற கணக்கில் தீவனத்தின் மேல் தூவலாம். பச்சை நிறம் இவற்றை ஈர்க்கும் என்பதால் முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, தட்டை விரலால் கொத்துவதுபோல் தட்டிக்காட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும். தண்ணீர்த் தட்டு ஆழமின்றி இருக்க வேண்டும். அதில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டால் அவற்றைக் கொத்தப்போய்த் தண்ணீர் குடிக்கும், மூழ்கவும் மூழ்காது. கைக்கு ஓய்வு வேண்டுபவர்கள், ஏழாம் நாள் அதே இன்குபேட்டரில் இரண்டு நாட்டுக்கோழி முட்டைகளையும் சேர்த்து வைக்கலாம். ஒரே நாளில் பொரிக்கும் அந்தக் கோழிக்குஞ்சுகள் கொத்துவதைப் பார்த்து இவையும் பழகிக்கொள்ளும்.

முதல் நான்கு வாரத் தீவனத்தில் புரதம் 28 சதவீதம் இருக்க வேண்டும். கறிக்கோழித் தீவனம் வாங்குபவர்கள் மூட்டைச் சீட்டைப் படித்தே வாங்க வேண்டும். இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழிகளுக்குக் கலக்கும் சாலினோமைசின் வான்கோழிக்கு நஞ்சு. வளர்ந்த கோழிகள் மேயும் மண்ணிலும் குஞ்சுகளை விடக் கூடாது. கோழி எச்சத்தில் வெளியேறும் குடற்புழு முட்டைகளின் வழியாக, குடலையும் ஈரலையும் தாக்கும் கருந்தலை நோய் பரவுகிறது. கோழி அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழி தாங்காது. வெள்ளைக் கழிச்சலுக்கான முதல் தடுப்பு மருந்தை எந்த நாளில் கொடுப்பது என்பதை, குஞ்சு பொரிப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்தை ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும்.