சின்ன கிளினிக்ல சுகர் பேஷண்ட்டோட கால் நரம்ப டெஸ்ட் பண்றது எப்படி

சுகர்ல கால் நரம்பு கெட்டுப்போறது சத்தமில்லாம நடக்கற விஷயம். எரிச்சல், மதமதப்புன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்கள நாம கவனிச்சிடறோம், ஆனா நிறைய பேருக்கு வலியே இருக்காது, "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல டாக்டர்"னு பேச்சுவாக்குல சொல்லுவாங்க, அத காதுல வாங்கிக்கோங்க. யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். டைப் 2னா கண்டுபிடிச்சப்பவே ஒரு தடவ, அப்புறம் வருஷா வருஷம். டைப் 1னா அஞ்சு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கலாம்.

வேண்டியது ரெண்டே சாமான், 10 கிராம் மோனோஃபிலமெண்ட் (10 கிராம் அழுத்தத்துல வளையற நைலான் இழை), 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் (அடிச்சா அதிர்ற இரும்புக் கவை). காது டெஸ்ட்டுக்கு வச்சிருக்கற 512 இதுக்கு ஆகாது.

மோனோஃபிலமெண்ட்ட முதல்ல கையில தொட்டுக் காட்டுங்க, என்ன மாதிரி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியணும். அப்புறம் கண்ண மூடச் சொல்லிட்டு கால் கட்டைவிரல் அடிப்பக்கம், அப்புறம் முன்பாதத்துல ஒண்ணாவது, மூணாவது, அஞ்சாவது விரலுக்கு நேர் கீழ, நேரா வச்சு அது வளையற வரைக்கும் அழுத்தி ஒண்ணு ரெண்டு செகண்ட்ல எடுத்துடுங்க. காய்ப்பு, புண்ணு, தழும்பு மேல வைக்காதீங்க.

இங்கதான் நிறைய இடத்துல தப்பு நடக்குது. ஒவ்வொரு தடவ வைக்கும்போதும் "தெரியுதா, தெரியுதா"னு கேட்டா கேள்வியே க்ளூ ஆயிடும், டாக்டர் மனசு கோணக்கூடாதுன்னு தெரியுதுன்னே சொல்லிடுவாங்க, முக்கியமா வயசானவங்க. அதனால "பட்டதும் நீங்களே சொல்லுங்கம்மா, எந்தக் கால்னும் சொல்லுங்க"ன்னு முன்னாடியே சொல்லிட்டு பேசாம இருங்க. ஒரே சீரா வைக்காதீங்க, நடுவுல ஒரு தடவ வைக்காமலே சும்மா விட்டு என்ன சொல்றாங்கன்னு பாருங்க. ஒரு இடத்துல, வைக்காம விட்டதையும் சேத்து மூணு தடவைல ரெண்டு சரியா சொன்னா அந்த இடம் ஓகே. இன்னொண்ணு, தொடர்ந்து பத்து பேருக்குப் போட்டா இழை தளர்ந்துடும், ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க, ரெண்டு வாங்கி வச்சு மாத்தி மாத்தி யூஸ் பண்ணலாம்.

மோனோஃபிலமெண்ட்ல ஃபெயில் ஆனா பாதிப்பு ஏற்கனவே முத்திடுச்சுன்னு அர்த்தம், அதனால அத மட்டும் நம்பாதீங்க. ஃபோர்க்க அடிச்சு கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் பின்னாடி எலும்பு மேல வைங்க, அதிர்வு நின்னதும் சொல்லச் சொல்லுங்க. அவங்க நின்னுடுச்சுன்னு சொன்னப்புறமும் உங்க கைக்கு நல்லா தெரிஞ்சுதுன்னா சந்தேகப்படணும். பயோதீசியோமீட்டர் (அதிர்வு உணர்ச்சிய வோல்ட்ல அளக்கற மெஷின்) இருந்தா இதையே நம்பரா எடுக்கலாம், மூணு ரீடிங்கோட ஆவரேஜ் 25 வோல்ட்டுக்கு மேலனா புண்ணு வர்ற ரிஸ்க் அதிகம். மெஷின் வாங்க வசதியில்லனா அதுக்காக டெஸ்ட்ட தள்ளிப்போடாதீங்க.

எது வந்தாலும் எந்த இடம், எந்தக் கால்னு நோட்ல எழுதுங்க, வெறும் நார்மல்னு போட்டா அடுத்த வருஷம் ஒப்பிட முடியாது. மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) ரொம்ப வருஷமா சாப்பிடறவங்கன்னா ரத்தத்துல விட்டமின் பி12 பாருங்க, அது கொறஞ்சாலும் நரம்பு கெடும். ஒரு கால்ல மட்டும் உணர்ச்சி போயிருந்தா, இல்ல பலவீனம் வேகமா ஏறிக்கிட்டே போனா அது வேற வியாதியா இருக்கலாம், நரம்பு டாக்டர்கிட்ட உடனே அனுப்புங்க.

உணர்ச்சி கொறஞ்சவங்களுக்கு எம்சிஆர் (மெத்துன்னு இருக்கற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு எழுதிக் குடுங்க, மத்தியான வெயில்ல கோவில் கல்தரையில வெறுங்காலோட சுத்தவே கூடாதுன்னு சொல்லுங்க, கொப்புளம் போட்டாலும் அவங்களுக்குத் தெரியாது. இத கூட வந்திருக்கற பொண்ணுகிட்டயோ மருமகள்கிட்டயோ சேத்து சொல்லுங்க, தெனமும் ராத்திரி பாதத்த பாக்கப்போறது அநேகமா அவங்கதான்.