மூளைக் கட்டி ரிப்போர்ட்டில் கேஐ-67: எதைப் படித்த பிறகு பார்ப்பது

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அறுவை முடிந்து பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும், பல குடும்பங்களின் கண் ‘கேஐ-67: 25%’ போன்ற வரியில்தான் போய் நிற்கிறது. கட்டியில் எத்தனை சதவீதம் செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று காட்டும் எண் அது. அதை வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். அந்த வரியைக் கடைசியில் படியுங்கள்.

முதலில் கட்டியின் பெயரும் கிரேடும் (கட்டியின் தீவிர நிலை). அடுத்து ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்பது. பெரியவர்களுக்கு வரும் பரவும் க்ளையோமாக்களில் (மூளையின் துணைச் செல் வகைக் கட்டிகளில்) நோயின் போக்கைச் சொல்வதில் கேஐ-67ஐ விட இதற்கே எடை அதிகம். ஐடிஹெச் மாற்றம் இருந்தால் கட்டி பொதுவாக மெதுவாகவே வளரும். வழக்கமான சாயச் சோதனை ஆர்132ஹெச் என்ற ஒரு மாற்றத்தை மட்டுமே பிடிக்கும். அது நெகட்டிவ் என்று வந்து, நோயாளிக்கு வயது 55க்குக் கீழே என்றால், மரபணு வரிசைப் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். க்ளையோமாக்களில் மிகத் தீவிரமான க்ளையோபிளாஸ்டோமா என்றால் எம்ஜிஎம்டி என்ற மரபணுவின் முடிவும் வேண்டும்: அதில் மெத்திலேஷன் (மரபணுவை அணைத்துவைக்கும் வேதி மாற்றம்) இருந்தால் டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து கூடுதலாகப் பலன் தரும்.

இப்போது கேஐ-67. பிரியும் சுழற்சியில் இருக்கும் செல்லின் உட்கருவில் இந்தப் புரதம் இருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. எம்ஐபி-1 என்ற எதிர்ப்பொருளைப் போட்டால் அந்த உட்கரு பழுப்பாகத் தெரியும். சாயம் அதிகம் ஏறிய பகுதியில் 500 முதல் 1000 உட்கருக்களை எண்ணி, பழுப்பானவை எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள்.

பிசகு இங்கேதான் வரும். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடத் தாமதமானால் சாயம் மங்கும். லிம்போசைட் என்ற வெள்ளை அணுவும் ரத்தக்குழாய்ச் செல்லும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டால் எண் ஏறும். ஊசி பயாப்ஸியில் வேகமாக வளரும் பகுதி கிடைக்காமலே போகலாம். அதனால் ஓர் ஆய்வகத்தின் 8%க்கும் இன்னொன்றின் 12%க்கும் இடையில் பெரிய பொருள் தேடாதீர்கள்.

மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டியில் இந்த எண் உண்மையில் உதவும்: கூடினால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பும் கூடும், ஸ்கேன் இடைவெளியைக் குறைக்கலாம். க்ளையோபிளாஸ்டோமாவில் அது பெரும்பாலும் உயரமாகவே இருக்கும். ஒரு நோயாளியை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அங்கே வயதும், கட்டி எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதும், நோயாளி தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்பதும்தான் பேசும்.

இரண்டாவது கருத்துக்குப் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போவதானால் ரிப்போர்ட் மட்டும் போதாது. திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும் ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் மெழுகு இளகிவிடும், கைப்பையிலேயே வைத்திருங்கள்.