ஆன் ஆகாத லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை எடுப்பது எப்படி?

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒன்று கண்ணில் படும். ஆன் ஆகாத லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தால் பல கடைகளில் கேட்கும் முதல் கேள்வி, "ஓஎஸ் போட்றலாமாண்ணா?" என்பதுதான். யோசிக்காமல் தலையாட்டிவிடாதீர்கள். புது விண்டோஸ் போடும்போது சி டிரைவை ஃபார்மட் செய்வது வழக்கம். லேப்டாப் நன்றாக ஓடும், டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கல்யாண போட்டோவும் பிள்ளையின் ப்ராஜெக்டும் இருக்காது.

மதர்போர்டு, ரேம், டிஸ்ப்ளே, விண்டோஸ் என்று எது கெட்டாலும் லேப்டாப் படுத்துவிடும். ஆனால் உங்கள் ஃபைல்கள் இருப்பது டிஸ்க்கில். பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். அதனால் முதலில் ஃபைலை எடுப்போம், ரிப்பேரை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் சின்னச் சோதனைகள்

சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்து பாருங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்ததும் எழுந்துவிடும் லேப்டாப்புகள் நிறைய உண்டு.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் கெட்டது திரை மட்டும்தான். வேண்டியதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளலாம், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் ரேமையும் (உள்ளே சொருகியிருக்கும் மெமரி பட்டை) ஒருமுறை பார்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் அதன் மஞ்சள் நிறத் தகடுகள் மங்கிப்போகும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தத் தகடுகளை மெதுவாகத் தேயுங்கள். துகளை ஊதிவிட்டு, 'டிக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள்.

கம்பெனி லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இதுதான் அடிக்கடி நடப்பது. நீலத் திரை வரும், அல்லது ரிப்பேர் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே 'ரீசெட்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஃபைலை எடுத்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். யூடியூபில் ஆளாளுக்குச் சொல்லும் 'செக் டிஸ்க்' கட்டளையும் வேண்டாம். டிஸ்க் நோஞ்சானாக இருந்தால் அது இன்னும் மோசமாக்கிவிடும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, நண்பருடைய லேப்டாப் ஒன்று இருந்தால் போதும். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், இலவசம். நண்பரின் லேப்டாப்பில் அதன் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு ஓஎஸ்ஸும் ஒரே ஃபைலாக இருப்பது) அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, ஸ்டார்ட் கொடுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை எல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலியானதாக எடுங்கள்.

அடுத்து, அதைக் கெட்ட லேப்டாப்பில் சொருகி, பவர் பட்டனை அழுத்திய கையோடு பூட் மெனு (எதிலிருந்து ஆன் ஆவது என்று கேட்கும் பட்டியல்) கீயை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் எஃப்2 தட்டி பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய் அந்த மெனுவை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். அங்கே வேறு எதையும் நோண்ட வேண்டாம். வரும் பட்டியலில் உங்கள் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மின்ட் டெஸ்க்டாப் வரும். இது பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது, உங்கள் டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு ஐகான் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். கம்ப்யூட்டர் ஐகானைத் திறந்தால் உங்கள் டிஸ்க் அதன் ஜிபி அளவோடு தெரியும். இன்னொரு பென் டிரைவையோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கையோ சொருகி அதில் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி மட்டும். 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே வீடியோ ஏறமாட்டேன் என்றால், அந்த பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதை வேறு கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

எதை எடுப்பது?

'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுத்துவிடுங்கள், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போட்டோ எல்லாம் அதற்குள்தான். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே உள்ள 'பப்ளிக்' ஃபோல்டரையும் மறக்கக் கூடாது. இடத்தை மாற்றாமல் விட்டிருந்தால் டேலி டேட்டா அங்கேதான் கிடக்கும்.

டிடிபி செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாரிமுனை ஆண்டர்சன் தெருக் கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து தருபவர் என்றால், 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து பலர் அதை அழித்தே விடுகிறார்கள்.

காப்பி முடிந்ததும் வேறு கம்ப்யூட்டரில் சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள். போட்டோவின் பெயர் மட்டும் வந்து படம் வராமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

எந்த அசைவும் இல்லை என்றால்

டிஸ்க்கை வெளியே எடுக்க வேண்டியதுதான். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் இருப்பது 2.5 அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க். இதற்கு 'சாட்டா டு யுஎஸ்பி' கேபிள் வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

புது லேப்டாப்பில் இருப்பது எம்.2 எஸ்எஸ்டி, சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியாக இருக்கும். இதில் இரண்டு ரகம். இணைப்பு முனையில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டி, அதற்கேற்ற என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை உள்ளே வைத்து யுஎஸ்பியில் சொருகும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். விலை குறைந்த சில லேப்டாப்புகளில் டிஸ்க்கையே போர்டில் சால்டர் செய்திருப்பார்கள், அதைக் கழற்ற முடியாது.

கழற்றும்போது ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பது. வேறு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் சொருகியதும் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றால் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள்.

48 இலக்கச் சாவி கேட்டால்? விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதி தானாகவே டிஸ்க்கைப் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபோனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் பார்த்தால் பொதுவாகச் சாவி அங்கே இருக்கும். எங்குமே சாவி இல்லை என்றால் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு நேரங்களில் கையை எடுத்துவிடுங்கள்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். உள்ளே படிக்கும் முனை அடிபட்டிருக்கலாம், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழலாம். இன்னொன்று தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த மாதிரி லேப்டாப் நனைந்துவிட்டால், வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். அரிசி மூட்டைக்குள் வைப்பதும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் டேட்டா ரெகவரி லேப்தான் வழி. செலவு ஆயிரக்கணக்கில் போகும், அதனால் பார்ப்பதற்கு எவ்வளவு, ஃபைல் வராவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். கொடுக்கும் முன் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதிலும் அதே நம்பரை எழுதி வாங்குங்கள்.