ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைகளைக் காப்பது எப்படி?

தைப்பவர், தட்டச்சு செய்பவர், சுவருக்கு வண்ணம் பூசுபவர் என எவராயினும், கைவலி ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. மாலையில் லேசான கடுப்பாகத் தொடங்கி இரவில் அடங்கிவிடுவதால் அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறோம். காலையில் எழும்போதும் வலி இருந்தால்தான் கவலைப்படுகிறோம். தசைகளைவிட, அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அவை புண்பட்டால் ஆறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆகவே, வலி வருவதற்கு முன்பே ஓய்வு கொடுக்க வேண்டும்.

முதலில் மணிக்கட்டைக் கவனியுங்கள். அங்குள்ள குறுகிய வழியொன்றில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கமாகச் செல்கின்றன. மணிக்கட்டை மடக்கியபடியே விரல்களை இயக்கினால் அந்த நரம்பு அழுத்தப்படுகிறது. வேலை செய்யும் நிலையிலேயே கையை நிறுத்தி, புறங்கையிலிருந்து முன்கை வரை ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அது இரண்டிலும் படிந்து கிடக்காமல் ஒரு முனை தூக்கி நின்றால், நாற்காலியின் உயரத்தையோ மேசையின் உயரத்தையோ மாற்றுங்கள்.

முழங்கை உடலை ஒட்டியும், தோள் தளர்ந்தும் இருக்கட்டும். நுணுக்கமான வேலைக்கு மேசை முழங்கை மட்டத்தைவிடச் சற்று உயரமாகவும், அழுத்திச் செய்யும் வேலைக்குத் தாழ்வாகவும் இருப்பது நல்லது. தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்வது தோளை மிகவும் வருத்தும் என்பதால், சிரமம் பாராமல் ஏணியை நகர்த்திப் போட்டு ஏறிக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காதது பிடியின் இறுக்கம். கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும்போது விரல் முட்டிகள் வெளுத்துப்போனால், தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். மெல்லிய கைப்பிடியில் துணி சுற்றுங்கள். மழுங்கிய கருவியை உடனே சாணை பிடியுங்கள்.

அரைமணிக்கு ஒருமுறையாவது ஒரு நிமிடம் கையைத் தொங்கவிட்டுத் தோளைச் சுழற்றுங்கள். அந்த நிமிடத்தில் கைபேசியைத் தேய்ப்பது ஓய்வாகாது.

பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போனாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ மருத்துவரைப் பாருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் பெரும்பாலும் முழங்கையருகே செல்லும் நரம்பில் கோளாறு இருக்கும். கைவலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால், அதை வேலைக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடாமல், அந்த நொடியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.