சொல்லை அசை பிரிக்கக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

எழுத்து கற்பதற்கு முன்பே, நாலு வயதிலேயே இதைத் தொடங்கிவிடலாம். பத்துப் புளியங்கொட்டையும் தினம் ஐந்து நிமிடமும் போதும். அசை என்றால் சொல்லில் ஒருசேர ஒலிக்கும் ஒரு துண்டு. ‘அம்மா’வில் எழுத்து மூன்று, அசை இரண்டு: அம்-மா. செய்யுள் இலக்கணமான யாப்பில் வரும் நேரசை, நிரையசைக் கணக்கு வேறு. அங்கே ‘பலா’ ஒரே நிரையசை. இங்கே ப-லா என்று இரண்டு. இதை அதோடு கலக்க வேண்டாம்.

படி 1: கைதட்டல். இட்-லி, தோ-சை, பொங்-கல், தேங்-காய் என்று இரண்டு அசைச் சொற்களாக எடுங்கள். அசைக்கு ஒரு தட்டு. ‘பூ’, ‘ஈ’ போன்றவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க எதுவுமில்லாத சொல்லில் பிரிப்பது என்றால் என்னவென்று பிள்ளைக்குப் பிடிபடாது. ‘பூ…’ என்று நீட்டி இரண்டு தட்டும். நெடில் எவ்வளவு நீண்டாலும் ஓர் அசைதான்.

படி 2: புளியங்கொட்டை. அசைக்கு ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். மு-றுக்-கு மூன்று, கொ-ழுக்-கட்-டை நான்கு. வைத்து முடித்த பிறகே எண்ண வேண்டும். தட்டும்போதே “ஒன்று, இரண்டு” என்று எண்ணவிட்டால் குழம்பிவிடும்; ‘இரண்டு’ என்ற சொல்லிலேயே மூன்று அசை இருக்கிறதே!

படி 3: தாடை. புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்து ‘பணியாரம்’ சொல்லச் சொல்லுங்கள். ‘யா’வில் தாடை நன்றாக இறங்கும். இ, உ வரும் இடங்களில் அசைவு சரியாகத் தெரியாது. ஆகவே இது துணைக்கு மட்டும். கணக்குக்குக் கைதட்டலையே நம்புங்கள்.

படி 4: எழுத்து தெரிந்த பிள்ளைக்கு. பெரிய தடுமாற்றம் இங்கேதான். அதுவரை பட்-டம் என்று சரியாகத் தட்டிய பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் நாலு தட்டு தட்டும். புள்ளி எழுத்தை ‘இட்’, ‘இம்’ என்று பெயர் சொல்லிப் படிக்கிறோம் அல்லவா? அந்த ‘இ’ சொல்லில் இல்லாத அசையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சொல்லைப் பலகையில் எழுதி, புள்ளி வைத்த ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்த்து வட்டமிடுங்கள். வட்டம் ஒன்றுக்கு ஓர் அசை. தனியாக நிற்கும் எழுத்துக்கும் ஒன்று. ‘எஃகு’ போன்ற சொல்லில் ஆய்தத்துக்கும் இதே விதிதான். உருளைக்கிழங்கில் எட்டு எழுத்து, இரண்டு புள்ளி. மீதி ஆறு அசை.

‘பால்’ என்றால் ஒன்று. ஆனால் வீட்டில் ‘பாலு’ என்று பேசும் பிள்ளை இரண்டு தட்டும். அது தவறல்ல; தன் காதில் விழுந்ததைத்தான் தட்டுகிறது. “நீ பாலுன்னு சொன்னா ரெண்டு, புத்தகத்துல பால், அது ஒண்ணு” என்று இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள். ‘பந்து’ போன்றவற்றில் கடைசி ‘து’ மெலிதாக ஒலிப்பதால் சிலர் விட்டுவிடுவார்கள். அதற்கும் ஒரு தட்டு உண்டு.

இவ்வளவும் பழகியபின் விளையாட்டைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் “இ… டி… யாப்… பம்” என்று விட்டுவிட்டுச் சொல்லுங்கள். அது என்ன பலகாரம் என்று பிள்ளை சேர்த்துச் சொல்லட்டும்.