கிரான் டூரிஸ்மோ 4: 10,000 கிரெடிட்டில் தொடங்கிக் கார்களைப் பரிசாக வெல்வது எப்படி?

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு விடுமுறை நாள்களில் வரும் தெருப் பிள்ளைகள், பிளேஸ்டேஷன் 2-ஐ இயக்கியதும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எல்லாக் காரும் வர்றதுக்கு என்ன கோட்?" என்பதுதான். பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தி நினைத்ததைப் பெறும் விளையாட்டுகளில் பழகியவர்களுக்கு, கிரான் டூரிஸ்மோ 4-இல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வேலை செய்யும் அப்படியொரு குறுக்கு வழி கிடையாது என்றதும் முகம் வாடிவிடுகிறது. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இந்தக் கார் பந்தய விளையாட்டில், 1886-ஆம் ஆண்டின் மூன்று சக்கர பென்ஸ் வண்டி தொடங்கி நவீனப் பந்தயக் கார்கள் வரை 700-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பரிசாகவே வெல்லலாம். அதற்குத் தேவையான திறமை பிரேக் பிடிப்பது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. எனவே இந்த விளக்கத்தில் பிரேக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: கருவிகளைச் சரிபார்த்தல்

கன்சோலுடன் 8 எம்பி மெமரி கார்டு ஒன்று கட்டாயம் வேண்டும். நான் தொடக்கத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த போலி கார்டை வாங்கினேன். இரண்டு வாரம் ஓட்டிச் சேர்த்த கார்கள் அனைத்தும், ஒருநாள் மாலை கார்டு படிக்க முடியாமல் போனதும் போய்விட்டன. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு முகப்புப் பக்கத்துக்குத் திரும்பி நீங்களே சேமித்துவிடுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

கன்ட்ரோலரும் அதே அளவுக்கு முக்கியம். அசல் டூயல்ஷாக் 2-இல் எக்ஸ், சதுரம் ஆகிய பொத்தான்கள் நீங்கள் அழுத்தும் விசையை உணரக்கூடியவை. எக்ஸ் பொத்தானை மெல்ல அழுத்தினால் ஆக்ஸிலரேட்டர் கொஞ்சமாகவும், முழுவதும் அழுத்தினால் முழுமையாகவும் இயங்கும். சதுரப் பொத்தானில் உள்ள பிரேக்கும் அவ்வாறே. நான் பயன்படுத்திப் பார்த்த போலி கன்ட்ரோலர்களில் இந்த வேறுபாடு தெரியவே இல்லை; அழுத்தினால் முழு பிரேக், விட்டால் ஒன்றுமில்லை. அத்தகைய கன்ட்ரோலரில் பழகினால் கை கெட்டுவிடும். திசையைத் திருப்ப இடப்பக்கக் குமிழைப் பயன்படுத்துங்கள், அம்புக்குறிப் பொத்தான்களை மறந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: முதல் காரை வாங்குதல்

ஆட்டம் தொடங்கும்போது கையில் 10,000 கிரெடிட், அதாவது ஆட்டத்துக்குள் புழங்கும் பணம், இருக்கும். புதிய கார் விற்கும் கடைகளுக்குப் போகாமல், பழைய கார் விற்பனையகங்களுக்குச் செல்லுங்கள். ஆட்டத்துக்குள் நாள்கள் நகர நகர அங்கே நிற்கும் கார்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்று பிடித்த கார் இல்லையென்றால் வருந்த வேண்டாம். ஹோண்டா சிவிக் போன்ற எடை குறைந்த, முன்சக்கர இயக்கம் கொண்ட கார் உங்கள் பணத்துக்குள் கிடைத்தால் அதுவே போதும். எண்ணெய் மாற்றுவதற்கு மட்டும் சிறிதளவு பணத்தை மீதம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரில் அதைச் செய்தவுடன் இயந்திரத்தின் வலு கூடுவதை எண்களிலேயே பார்க்கலாம்.

மூன்றாம் படி: லைசென்ஸ், அதாவது பிரேக்

பிள்ளைகள் பொறுமை இழந்து எழுந்துபோவது இந்த இடத்தில்தான். இந்த விளையாட்டில் பி, ஏ, ஐபி, ஐஏ, எஸ் என்று ஐந்து லைசென்ஸ்களும், ஒவ்வொன்றிலும் 16 தேர்வுகளும் உள்ளன, மொத்தம் 80. எல்லாத் தேர்வுகளிலும் வெண்கலம் வாங்கினாலே அந்த லைசென்ஸ் கிடைத்துவிடும், கூடவே ஒரு காரும் பரிசாகக் கேரேஜுக்கு வந்து சேரும். அனைத்திலும் வெள்ளி, அனைத்திலும் தங்கம் என்று உயர்ந்தால் அவற்றுக்கும் தனித்தனிக் கார்கள் உண்டு. பணமே செலவழிக்காமல் கார் கிடைக்கும் வழி இது என்பதை விளக்கிய பிறகே எங்கள் தெருப் பிள்ளைகள் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

பி லைசென்ஸின் முதல் தேர்வு, நேர்ச்சாலையில் வேகமெடுத்துக் குறிப்பிட்ட எல்லைக்குள் காரை நிறுத்துவது மட்டுமே. அதன் நோக்கம், காரை நிறுத்த எவ்வளவு தூரம் தேவைப்படுகிறது என்பதைக் கண்ணுக்குப் பழக்குவது. அடுத்து வரும் வளைவுத் தேர்வுகளில் கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

வளைவு வருவதற்கு முன்பே, கார் நேராக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர்களைக் கவனித்துப் பாருங்கள்: திருப்பத்துக்கு வெகு முன்னரே வேகத்தை இறக்கிவிட்டு, அதன் பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள். டயருக்கு ஓர் அளவு பிடிமானம்தான் உண்டு. அதை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஒரே நேரத்தில் முழுமையாகக் கேட்டால், முன்சக்கரங்கள் வழுக்கிக் கார் வளையாமல் நேராகவே போகும். வேகம் இறங்கியதும் பிரேக்கை மெல்ல விட்டு, சாலையின் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பை நோக்கித் திரும்புங்கள். உள்விளிம்பைத் தொட்ட பிறகு, வளைவின் மறுமுனை கண்ணில் படும்போது எக்ஸ் பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, மீண்டும் வெளிவிளிம்புக்கு வந்து சேருங்கள்.

தேர்வில் தோற்றால், உடனே மறுபடி ஓட்டாமல், அங்கேயே உள்ள மாதிரி ஓட்டத்தை ஒருமுறை பாருங்கள். கார் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறது என்பதற்கு ஓர் அடையாளத்தை, ஒரு பலகையையோ தடுப்பின் முனையையோ, மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரே தேர்வில் முப்பது முறைக்கு மேல் தோற்றான். அடையாளப் பலகையைக் கண்டுபிடித்த பிறகு மூன்றாவது முயற்சியில் வெள்ளி வாங்கினான். அவனைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

செங்குன்றத்தைத் தாண்டியிருக்கும் சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் முன்பு கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரும் வரை சென்னைக்கு அதுவே பந்தயக் களம். அவற்றை நேரில் பார்த்த எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர், நேர்பாதையில் யார் முந்துகிறார்கள் என்பதைவிடத் திருப்பத்தில் யார் கடைசியாக பிரேக் பிடிக்கிறார்கள் என்பதையே கூட்டம் பார்க்கும் என்று சொல்வார்.

நான்காம் படி: சண்டே கப்

தொடக்கநிலைப் பந்தயங்களில் சண்டே கப்பை முதலில் எடுங்கள். இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாலும், பி லைசென்ஸ் முடித்த கையோடு வந்தால் வெற்றி எளிது. இதிலுள்ள எல்லாப் பந்தயங்களிலும் முதலிடம் பெற்றால் ஆட்டோபியாங்கி ஏ112 அபார்த் என்னும் சிறிய இத்தாலியக் கார் பரிசாகக் கிடைக்கும். ஏதேனும் ஒன்றில் தோற்றால் அதை மட்டும் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். வென்ற பணத்தில் முதலில் நல்ல டயர் வாங்குங்கள்; இயந்திரத்தின் வலுவைக் கூட்டும் டர்போவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: அடுத்து எங்கே போவது?

முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் என்று கார்களின் வகைக்கேற்பத் தனித்தனிப் போட்டிகள் உள்ளன. உங்களிடம் இருக்கும் முதல் கார் எந்த வகையோ அந்தப் போட்டியில் நுழைந்து, அதில் வெல்லும் கார் வேறு எந்தப் போட்டிக்குத் தகுதி பெறும் என்று பாருங்கள். ஒரு பரிசுக் கார் இன்னொரு போட்டியின் கதவைத் திறக்கும். பணம் குறைந்தால் பரிசுக் கார்களை விற்கலாம். ஆனால் ஒரே கார் இரண்டு இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். ஏ லைசென்ஸையும் முடித்த பிறகு, 34 சவால்களைக் கொண்ட டிரைவிங் மிஷன் பக்கத்தைத் திறந்து, முன்னால் போகும் கார்களைக் குறித்த தூரத்துக்குள் முந்தும் பயிற்சிகளை முயன்று பாருங்கள்.